உயிருள்ள ஒற்றைச் செல்லிலிருந்து மாதிரி எடுத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தலைகீழ் நுண்ணோக்கி, குழாயை மைக்ரோமீட்டர் அளவில் நகர்த்தும் மைக்ரோமானிபுலேட்டர், நுனித்துளை ஓரிரு மைக்ரோமீட்டரே உள்ள கண்ணாடி நுண்குழாய், மூலக்கூறுகளை அயனிகளாக்கி அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் நிறை நிறமாலைமானி ஆகியவை சேர்ந்த அமைப்பில் சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஹிரோஷிமாவில் மசுஜிமா குழுவினர் 2008-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. உலோகம் பூசிய குழாயின் நுனியால் செல்லின் உட்பொருளை உறிஞ்சி, பின்புறமாகக் கரைப்பானை இட்டு மின்னழுத்தம் கொடுத்தால், அக்குழாயே அயனித் தெளிப்பானாகிவிடுகிறது. பாலூட்டிச் செல் ஒன்றின் மொத்தக் கனவளவே சில பைக்கோ லிட்டர்தான் (பைக்கோ என்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு) என்பதால், மாதிரியை வேறு குப்பிக்கு மாற்றாமல் விடுவது பெரிய ஆதாயம்.

புதிதாக வருபவர்கள் குழாயைச் செல்லுக்குள் செலுத்துவதுதான் கடினம் என்று நினைக்கிறார்கள். கை பழகிவிடும், அதிர்வு தாங்கும் மேசை இருந்து, குளிரூட்டியின் காற்று நேரே படாமல் இருந்தால் போதும். உண்மையான தொல்லை செல்லைச் சூழ்ந்த திரவம். நுனி செல்லைத் தொடும் முன்பே நுண்புழை ஏற்றத்தால் வளர்ப்பு ஊடகம் உள்ளே ஏறிவிடும். அதிலுள்ள உப்புகள் அயனியாக்கத்தை அடக்கும், அதிலுள்ள அமினோ அமிலங்களோ செல்லுக்கு உரியவைபோல் நிறமாலையில் தோன்றும். ஆகவே குழாயை இறக்கும்போது உள்ளிருந்து இலேசான அழுத்தம் கொடுத்து வருவதும், ஒவ்வொரு செல்லுக்கும் அருகிலுள்ள திரவத்தைத் தனியே எடுத்து ஒப்பிடுவதும் கட்டாயம். இந்த ஒப்பீடு இல்லாத தரவை நான் நம்புவதில்லை.

தாவரச் செல்லில் நிலைமை வேறு. அதன் விறைப்பழுத்தமே (உள்ளிருக்கும் நீர் செல்சுவரை அழுத்தும் விசை) சாற்றைக் குழாய்க்குள் தள்ளிவிடும், உறிஞ்சும் வேலை குறைவு. ஆனால் முதிர்ந்த செல்லின் பெரும்பகுதி நுண்குமிழியாக (சாறு நிறைந்த பை, வாக்குவோல்) இருப்பதால், கிடைத்தது சைட்டோபிளாசமா (உட்கருவைச் சூழ்ந்த செல்பொருள்) குமிழிச் சாறா என்று கேட்டுக்கொள்ளாமல் முடிவு எழுதக் கூடாது.

ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு ஒரு வசதி உண்டு: ஒரு செல்லில் பத்து பைக்கோகிராம் அளவே இருந்தாலும் அதைப் படியெடுத்துப் பெருக்கலாம். நாங்கள் அளக்கும் வளர்சிதைப்பொருள்களை (அமினோ அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள்) பெருக்க வழியில்லை. எடுத்தது அவ்வளவுதான், நிறமாலைமானியில் ஓட்டம் தவறினால் அந்தச் செல் போனதுதான். மேலும், எங்கள் முறையில் செல் மாதிரி எடுக்கும் நொடிவரை உயிரோடு இருக்கிறதே தவிர, பிறகு பெரும்பாலும் பிழைப்பதில்லை. அணுவிசை நுண்ணோக்கியின் உள்ளீடற்ற நுனியால் சைட்டோபிளாசத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் செல்லை வாழவிட்டு, எடுத்ததிலுள்ள ஆர்.என்.ஏ.-வை ஆராயும் லைவ்-செக் (Live-seq) முறையைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். ஒரே செல்லின் முன்நிலையும் பின்நிலையும் தேவைப்படுவோர் அந்தப் பக்கம் போவதே சரி.

ஆயிரக்கணக்கான செல்களின் சராசரிப் போக்கை அறிய விரும்புவோருக்கு ஒவ்வொரு செல்லையும் ஒரு நுண்துளிக்குள் அடைத்து ஆராயும் நீர்த்துளி முறையே ஏற்றது. நாளுக்குச் சில செல்களே கைகூடும் இந்த அமைப்பு அவர்களைச் சோர்வடையச் செய்யும். மருந்தூட்டிய பின் வடிவம் மாறிய ஒரு செல்லையும், மாறாமல் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றையும் கண்ணால் பார்த்துத் தேர்ந்து ஒப்பிட வேண்டியவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். வாங்கும்போது நுண்குழாய்களுக்கான ஆண்டுச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு செல்லுக்கு ஒரு குழாய் என்பதில் சலுகை கிடையாது.