மலை இறங்கும் சாலைக்கு எது முதலில் வேண்டும்: தடையா, கேமராவா, அகலமா?

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பர்லியாற்றுப் பழக்கடைகளின் முன்னால் நின்றிருந்தேன். குன்னூரிலிருந்து இறங்கி வந்த ஒரு கார் எதிரே ஓரங்கட்டியது. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் வெளிறிய புகை. பலாப்பழ வாசனையையும் மீறிக்கொண்டு கருகல் நெடி மூக்கில் ஏறியது. ஓட்டி வந்த இளைஞர் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அக்கா கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"தம்பி, தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்தச் சூட்டில் பிரேக் தட்டு விரிசல் விட்டுவிடும். அரை மணி நேரம் சும்மா நிற்கட்டும்."

எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். நான்காவது என்றார். இறக்கம்தானே, டீசல் மிச்சமாகட்டும் என்று சில இடங்களில் நியூட்ரலில் விட்டதாகவும் சொன்னார். பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

மலை ஏறும்போது கல்லாற்றில் அவருடைய காரை நிறுத்தி, வெளியூர் வண்டிகளுக்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸைப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். இறங்கும்போது அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த அலசலை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் புகைதான் காரணம்.

சாலைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் நம் நாட்டில் மூன்று வழிகள் மேசைக்கு வரும். சட்டத்தையும் விதியையும் இறுக்குவது ஒன்று. காவலையும் கேமராவையும் அபராதத்தையும் கூட்டுவது இன்னொன்று. சாலையையே மாற்றிக் கட்டுவது மூன்றாவது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இவ்வளவு பெரிய இழப்புக்கு மூன்று வழிகளுமே வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் பணமும் ஆளும் அளவாகத்தான் கிடைக்கும். நீலகிரி போன்ற ஒரு மாவட்டம் முதல் ரூபாயை எதில் போட வேண்டும் என்பதே என் கேள்வி.

முதலில் தடை. இதற்கு நம் கண்முன்னால் இருக்கும் உதாரணம் கல்லட்டி மலைப்பாதை. உதகையை அடுத்த தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் சாலை, 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கம். 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேருடன் ஒரு கார் இங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தபோது இரண்டு பேர் மட்டும் உயிருடன் இருந்தார்கள். அதன் பிறகு வெளிமாவட்ட வண்டிகள் கல்லட்டியில் இறங்கத் தடை வந்தது. ஏறலாம், இறங்கக் கூடாது.

இந்தத் தடையை வணிகர்களும் விடுதிக்காரர்களும் குறை சொல்வதை அறிவேன். மசினகுடிக்குப் போக கூடலூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அது நீண்ட சுற்றுதான். ஆனாலும் இந்தத் தடையில் ஒரு கூர்மை இருக்கிறது. ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு போட்ட தடை இது. கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் புரிதலின் அருமை தெரியும். ஒன்றரை டன் எடையுள்ள கார் 1,100 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சாலையின் உராய்வில் கொஞ்சம் கரையும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஒன்றும் வாங்காது. அத்தனை சூடும் கையகலப் பிரேக் கட்டைகளின் மேல் இறங்கும். சூடு ஏற ஏறக் கட்டையின் பிடிமானம் குறைகிறது. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அது பஞ்சுபோல உள்ளே போகும். நாளிதழில் "பிரேக் பிடிக்காததால் விபத்து" என்று ஒரு வரியில் வருவதற்குப் பின்னால் பல நேரங்களில் இதுதான் நடந்திருக்கும். காலையில் நன்றாக இருந்த பிரேக்தான் மாலையில் இப்படி ஆகிறது.

இ-பாஸும் தடை வகையைச் சேர்ந்ததே. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதன் நோக்கம் மலையின் தாங்குதிறன். விபத்துத் தடுப்பு அல்ல. அதனால் பாதுகாப்பில் இதற்கு நான் அதிக மதிப்பெண் தரவில்லை. எட்டாயிரம் வண்டிகளில் எத்தனை வண்டிகளை நான்காவது கியரில் இறக்குவார்கள் என்பதை இ-பாஸ் கேட்பதில்லை. கேட்டிருக்கலாம். வண்டி எண், வகை, வரும் நாள் எல்லாம் பதிவு செய்யும் அதே இடத்தில், இறக்கத்தில் எந்த கியர் என்று ஒரே ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் பாஸ் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

கொடைக்கானலில் 2024 இறுதியில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்குத் தடை விதித்தார்கள். அதையும் இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் வரையறை. அந்த அளவு இல்லாத பழைய வளைவில் நீண்ட பேருந்து திரும்பும்போது எதிர்ப்பக்கத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

அடுத்து கேமராவும் அபராதமும். சமவெளியில் இதற்கு ஈடு கிடையாது என்றே நினைக்கிறேன். 2022இல் நாட்டில் இறந்தவர்களில் 71.2 விழுக்காட்டினர் அதிவேகத்தால் இறந்தவர்கள்; 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். வேகத்தையும் தலைக்கவசத்தையும் கேமரா நன்றாகவே பிடிக்கும். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதிவேகத்துக்குக் கார்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், பேருந்து லாரிகளுக்கு 2,000 முதல் 4,000 வரையும் அபராதம் வைத்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. மேட்டுப்பாளையம் வரையிலான நேர்ச்சாலையில் இது உயிர் காக்கும்.

மலைப்பாதையில் இதே கேமரா பாதிக் குருடு. இரண்டாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் காரும், பிரேக்கை மிதித்தபடியே அதே முப்பதில் இறங்கும் காரும் கேமராவின் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டுமே விதிக்கு உட்பட்டவை. நான்கு வளைவுகள் தாண்டிய பிறகுதான் வித்தியாசம் தெரியும், அப்போது அபராதச் சீட்டுக்கு வேலை இருக்காது. குடித்துவிட்டு ஓட்டுபவர்களையும், வளைவில் முந்துபவர்களையும், ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதியை மதிக்காதவர்களையும் பிடிக்கக் காவலர் நிச்சயம் வேண்டும். அதற்கு மேல் இந்த வழியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூன்றாவது, சாலையை மாற்றுவது. இங்கே இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒரே பெயரில் பேசுகிறோம். ஒன்று அகலப்படுத்துவது, மற்றது விழாமல் தடுப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அகலமான சாலை பாதுகாப்பானது என்று நினைப்பது சமவெளிக் கண். நீலகிரியில் அகலப்படுத்துவது என்றால் சரிவின் அடியை வெட்டுவது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் போனார்கள். அதைப் பார்த்தவர்களுக்குச் செங்குத்தாக வெட்டிய செம்மண் சுவரைக் கண்டாலே வயிறு கலங்கும். கல்லாறு, பர்லியாறு பகுதி யானைகள் சாலையைக் கடக்கும் இடம். உயரமான தடுப்புச் சுவர் எழுப்பினால் கன்றோடு வரும் யானை சாலையிலேயே சிக்கிக்கொள்ளும். போதாததற்கு, அகலம் கூடினால் வேகமும் கூடும். இறக்கத்தில் வேகம் கூடுவதற்காக அரசு செலவு செய்ய வேண்டுமா?

விழாமல் தடுப்பது வேறு கதை. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பேருந்து, உதகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் குன்னூரை அடுத்த மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். இதுவும் இறக்கம்தான். வலுவான தடுப்பு, பள்ளத்தில் விழ வேண்டிய வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிடக்கூடியது. மோதும் வண்டியைச் சுழன்று திருப்பிவிடும் உருளைத் தடுப்புகள் தமிழ்நாட்டின் மலைப்பாதைகள் சிலவற்றில் வந்திருக்கின்றன. வளைவுகளின் வெளி விளிம்பில் மட்டுமாவது இவை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுவிட்டுப் போட்ட தடுப்பு, இல்லாததைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். வடிவமைப்புத் தரத்தை மீறிச் சாலை போடுபவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 திருத்தம் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உயிர்ப்பலிக்கு ஒரு லட்சம் மிகக் குறைவு என்பது என் கருத்து. அந்தக் குறைந்த தொகையையாவது ஓட்டுநரிடம் காட்டும் அதே கண்டிப்போடு ஒப்பந்ததாரரிடமும் கேட்க வேண்டும்.

ஆக, மலைக்கு என் வரிசை இப்படி இருக்கிறது: இறக்கத்தைக் குறிவைக்கும் விதி முதலில், விளிம்புத் தடுப்பு இரண்டாவது, கேமரா மூன்றாவது, அகலப்படுத்துதல் கடைசி. சமவெளியில் கேட்டால் கேமராவைத்தான் முதலில் வைப்பேன்.

முதலில் வைத்ததற்கு ஒரு குறை உண்டு. கல்லட்டியைப் போல எல்லாப் பாதையையும் அடைக்க முடியாது; குன்னூர் பாதையை அடைத்தால் மாவட்டம் நின்றுவிடும். அதனால் அடைப்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டும். நம் சோதனைச்சாவடிகள் எல்லாம் மலையடிவாரத்தில் இருக்கின்றன, ஆபத்து தொடங்குவதோ மலை உச்சியில். குன்னூரைத் தாண்டி, இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு சாவடி இருந்து, வெளியூர் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் பேசினால் போதும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது மலை ஓட்டுநர்கள் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். தானியங்கி கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு அதைக் குறைந்த கியரில் நிறுத்திவைக்கும் வழியைக் காட்ட வேண்டும். பலருக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. மின்சாரக் கார்க்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உதகை விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி முழு பேட்டரியோடு கிளம்பினால், இறக்கத்தில் மோட்டார் தரும் பிடிமானம் தொடக்கத்தில் வெகுவாகக் குறையும். பேட்டரியில் இடமில்லாதபோது அந்த ஆற்றல் எங்கே போகும்?

எட்டாயிரம் வண்டிகளை நிறுத்தினால் நெரிசல் வராதா என்று கேட்பார்கள். ஏறும்போது அத்தனை வண்டிகளையும் நிறுத்திப் பார்க்கிறோமே. கோடை விழாக் காலத்தில் போக்குவரத்தை ஒருவழியாக்குவதும் வழக்கம்தான்; மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறுகிறார்கள், கோத்தகிரி வழியாக இறங்குகிறார்கள். அந்த நாட்களில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வெளியூர் வண்டிகள் எல்லாம் ஒரே சாலையில் வருகின்றன. கோத்தகிரியைத் தாண்டி குஞ்சப்பனைக்கு முன்பாக ஒரே ஒரு சாவடி, இரண்டு வரிசைத் தடுப்பு, மலைச்சாலை தெரிந்த நான்கைந்து பேர். பாதி வழியில் இன்னோர் இடத்தில் வண்டிகளை ஓரங்கட்டிப் பிரேக் ஆறவைக்க ஒரு சமதளம். பர்லியாற்று அக்காவைப் போல, புகையைப் பார்த்ததும் ஓடி வரும் ஒருவர் அங்கே சம்பளத்தோடு நிற்க வேண்டும்.