‘பெர்மிட் மட்டும்தான் மிச்சம்’ என்று சொல்லிப் பங்கு விற்பவர்களிடம் கவனம்

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு நின்ற என்னை ஒரு தம்பி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். “அண்ணை, ஒரு தங்கச் சுரங்கக் கொம்பனி இருக்கு. துளைச்சுப் பாத்து முடிஞ்சுது, தங்கம் இருக்கெண்டு அறிக்கையும் வந்திட்டுது. அந்த நாட்டு அரசாங்கத்தின்ர பெர்மிட் மட்டும்தான் மிச்சம். இப்ப பதினெட்டுச் சதம். பெர்மிட் வந்தால் ஒரு டொலருக்கு மேல போகுமாம். வாங்கிப் போடுவமோ?”

இதே கதையை நான் 2011இல் கேட்டேன். எட்டு வருடம் காத்திருந்தேன். போட்டது 23,100 டொலர். எடுத்தது 1,395 டொலர். கொம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றில் போய் விழுவீர்கள். கனடாவில் சின்னக் கொம்பனிகளின் பங்கு கைமாறும் ரீ.எஸ்.எக்ஸ். வென்ச்சர் சந்தையில் இந்த மாதிரிக் கொம்பனிகள் ஒன்றிரண்டு அல்ல.

அப்போது நான் மார்க்கம் நகரில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்த காலம். 2011 செப்ரெம்பரில் அவுன்ஸ் 1,900 அமெரிக்க டொலரையும் தாண்டியது. வங்கியில் போட்டால் வட்டி என்று சொல்ல ஒன்றுமில்லை. கூட வேலை செய்த ஒரு அண்ணை தனக்கு வந்த மின்னஞ்சலைக் காட்டினார். லத்தீன் அமெரிக்காவில் ஒரு மலை, மலைக்குள் தங்கம், தோண்டினால் கட்டுமா என்று பார்க்கும் சாத்தியக்கூற்று அறிக்கை முடிந்துவிட்டது, சுற்றாடல் அமைச்சின் அனுமதி ‘அடுத்த காலாண்டில்’. அந்த அண்ணையும் தன் காசைப் போட்டுத்தான் சொன்னார். அவரில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அந்த மின்னஞ்சலின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், எழுதியவருக்குக் கொம்பனியே காசு கொடுத்திருக்கிறது என்று இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் வாசிக்கவில்லை.

2011 மார்ச்சில் 92 சதத்துக்கு 15,000 பங்கு வாங்கினேன். அடுத்த வருடம் 47 சதத்துக்கு இறங்கியதும், மலிவாகக் கிடைக்கிறதே என்று 10,000. 2013இல் 23 சதத்துக்கு இன்னும் 20,000. எல்லாம் ரீ.எஃப்.எஸ்.ஏ. கணக்குக்குள். லாபத்துக்கு வரி இல்லாத கனடாச் சேமிப்புக் கணக்கு அது; ஆனால் இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பு உண்டு. இது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காத்திருப்பு என்றால் இப்படித்தான் போகும். ஒரு செய்தி வரும்: அமைச்சோடு நல்ல சந்திப்பு நடந்தது. மூன்று மாதம் கழித்து: அமைச்சு கூடுதல் விளக்கம் கேட்டிருக்கிறது. பிறகு அங்கே தேர்தல். பிறகு புது அமைச்சர், அவருக்குக் கோப்பைப் படிக்க அவகாசம் வேண்டும். ஒவ்வொரு முறையும் பங்கு நாலு சதம் ஏறி ஏழு சதம் இறங்கும். எங்கள் ஆத்திரம் முழுக்க அந்த அரசாங்கத்தின் மேல். சின்ன முதலீட்டாளர் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒட்டாவாவில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினோம். எங்கள் தொகுதி எம்.பி.க்கும் எழுதினோம். கொம்பனிக்காரர் அதற்கு நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். எங்கள் கோபம் அவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அப்போது விளங்கவில்லை.

2014இல் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். ரொறன்ரோவின் பே வீதியில் ஒரு சட்டத்தரணி நிறுவனத்தின் கூட்ட அறை. நீள மேசை, ஒரு பக்கத்தில் முக்கோணமாக வெட்டிய சான்ட்விச். மேசையைச் சுற்றி இருந்த பதினொரு பேரில் ஏழு பேர் கொம்பனியின் ஆட்கள். தீர்மானங்களை ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஆமோதிக்க, பத்து நிமிடத்துக்குள் சட்டப்படி செய்யவேண்டிய பகுதி முடிந்துவிட்டது. கேள்வி நேரத்தில் ஒரு வயதான இத்தாலியர் எழும்பி, பெர்மிட் எப்போது என்று கேட்டார். “உங்கள் ஏமாற்றத்தை நாங்களும் உணர்கிறோம், ஆனால் அமைச்சு எங்கள் கையில் இல்லை” என்று தலைமை நிர்வாகி மெதுவாகச் சொன்னார். இத்தாலியர் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டார். நான் கையை உயர்த்தி, பெர்மிட் வராத இந்த வருடத்தில் உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். தலைமை நிர்வாகியின் முகம் மாறவில்லை. “எல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்துக்கு முன் பங்குதாரருக்கு அனுப்பும் அந்தச் சுற்றறிக்கை எனக்கும் தபாலில் வந்துதான் இருந்தது. வருடா வருடம் வந்ததெல்லாம் பிரிக்காத உறையோடு அலுமாரிக்குள். அன்றைக்குக் கையில் கொண்டுபோயிருந்ததைச் சப்வேயில் திரும்பி வரும்போது முதல்முறையாக வாசித்தேன். தலைமை நிர்வாகிக்கு 285,000 டொலர். நிதி அதிகாரிக்கு அதில் முக்கால்வாசி. இயக்குநர் ஒவ்வொருவருக்கும் கட்டணம். ஒப்ஷன் என்றால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை; பங்கு விலை விழுந்ததால் பழைய ஒப்ஷன்களுக்குப் பெறுமதி இல்லை என்று, புது விலையில் புது ஒப்ஷன்கள். கெனடி நிலையத்தில் இறங்கினவன் பஸ்ஸைப் பிடிக்காமல் வாங்கில் இருந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய உறைகளையும் பிரித்து ஒரு கொப்பியில் எழுதினேன். நான் முதலில் வாங்கும்போது கொம்பனியின் மொத்தப் பங்கு 58 மில்லியன். 2014இல் 131 மில்லியன். பிறகு 2016இல் அது 214 மில்லியன் ஆகியது. ஒரு சல்லி வருமானம் இல்லாத கொம்பனிக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? புதுப் பங்கு அச்சடித்துத் தெரிந்த ஆட்களுக்குச் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பார்கள். கூடவே, பிறகு குறித்த ஒரு விலைக்கு இன்னும் பங்கு வாங்கும் உரிமையாக வாறண்டும் கொடுப்பார்கள். அந்தக் காசில் அடுத்த வருடம் ஓடும். ஊர்ப் பாஷையில் சொன்னால், நாலு பேர் பங்குபோட்டு வாங்கிய பத்துப் பரப்புக் காணிக்கு ஒரு வழக்கு இழுபடுகிறது. வழக்குச் செலவுக்கென்று வருடம் வருடம் உறுதியில் புதுப் பெயர்களைச் சேர்க்கிறார்கள். வழக்கு வென்றாலும் உங்களுக்கு ஒரு தென்னை மரமும் மிஞ்சாது. வழக்கை நடத்துகிறவருக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் சம்பளம். 2016இல் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். என் 45,000 பங்கு 4,500 ஆகியது. பிறகு மறுபடியும் அச்சடிக்கத் தொடங்கினார்கள்.

தாமதம் முழுக்க அரசாங்கத்தின் பிழையும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வேலையில் என் பக்கத்து லைனில் நிற்பவர் அந்த நாட்டுக்காரர். அவ்வளவு வருடம் பக்கத்தில் நின்றும் நான் அவரிடம் கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். தன் தொலைபேசியில் அந்த மாகாணத்துப் பத்திரிகையைத் தேடி எடுத்து, ஒரு கையில் கரண்டியோடு, வரி வரியாக எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஆற்றுக்குக் கீழே உள்ள கிராமங்களின் குடிதண்ணீர் பற்றி அமைச்சு கேட்ட ஆய்வைக் கொம்பனி பதினாலு மாதமாகக் கொடுக்கவில்லை. கிராமத்துச் சனம் இரண்டு தரம் வீதியை மறித்திருக்கிறது. ‘கூடுதல் விளக்கம் கேட்டிருக்கிறது’ என்று எங்களுக்கு வந்த ஒற்றை வரிக்குள் இருந்தது இவ்வளவும். அவர் கரண்டியை வைத்துவிட்டு, “அந்த ஆற்றில் நான் குளித்திருக்கிறேன்” என்றார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தெல்லிப்பழைப் பக்கம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய கிடங்குகளைப் பார்த்து வளர்ந்தவன். யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் என்றால் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்பதுதான். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது எங்கள் சொந்தக்காரர் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்தக் கோபத்தை இங்கிருந்து நானும் பட்டவன். அதே கேள்வியை வேறொரு நாட்டுச் சனம் கேட்டபோது, என் பங்கு ஏறவில்லையே என்று தூதரகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அரசாங்கம் உண்மையிலேயே அநியாயம் செய்கிற இடமும் உண்டு. அதற்குப் பெரிய உதாரணம் கிரிஸ்டலெக்ஸ். ரொறன்ரோக் கொம்பனி. வெனிசுவேலாவின் பொலிவார் மாநிலத்தில் லாஸ் கிறிஸ்ரினாஸ் என்ற பெரிய தங்கப் படிவுக்கு 2002இல் அரச நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2007இல் பிணைப் பணத்தைக் கட்டுங்கள், வரியைக் கட்டுங்கள், பெர்மிட் தருகிறோம் என்று அமைச்சு சொல்லிற்று. கட்டினார்கள். 2008 ஏப்ரலில் பெர்மிட் இல்லை என்று கடிதம் வந்தது, பங்கு சரிந்தது. 2011 பெப்ரவரியில் ஒப்பந்தமே ரத்து. அதே வருட டிசம்பரில் கொம்பனி கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு ஒன்ராறியோ நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஏப்ரலில் உலக வங்கியின் நடுவர் மன்றம் வெனிசுவேலாவின் மேல் பிழை கண்டு 1.2 பில்லியன் அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. வென்ற வழக்குத்தான். ஆனால் வழக்கை நடத்தக் காசு போட்டது நியூயோர்க்கில் உள்ள ஒரு நிதியம். காசு வந்தால் முதல் பங்கு அவர்களுக்கு, அடுத்தது கடன்பத்திரக்காரருக்கு, பங்கு வாங்கியவர் வரிசையில் கடைசி. தீர்ப்பு வந்த பிறகும் காசைப் பிடிக்க அமெரிக்க நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுபாடு.

வழக்குப் போட்டவர் எல்லாரும் வெல்வதுமில்லை. எல் சல்வடோரில் பெர்மிட் தரவில்லை என்று வன்கூவரில் இருந்த பசிபிக் ரிம் 2009இல் போட்ட வழக்கு 2016 ஒக்ரோபரில் தோற்றது. அந்தச் சின்ன நாட்டுக்கு 8 மில்லியன் டொலர் செலவுப்பணமும் கட்டச்சொல்லித் தீர்ப்பு. அடுத்த மார்ச்சிலேயே அந்த நாடு உலோகச் சுரங்கத்தையே தடைசெய்தது (அந்தத் தடையை 2024 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள்). ருமேனியாவின் ரோசியா மொன்ரானாவில் காத்திருந்த கேப்ரியல் ரிசோர்சஸின் வழக்கும் 2024 மார்ச்சில் தள்ளுபடி. ‘பெர்மிட் தராவிட்டால் வழக்குப் போட்டு நட்டஈடு எடுப்பார்கள், எப்படியும் காசுதான்’ என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ரீ.எஃப்.எஸ்.ஏ. பிழை. சாதாரணக் கணக்கில் வாங்கியிருந்தால், பட்ட நட்டத்தை வேறு பங்கில் வந்த லாபத்துக்கு எதிராக வரியில் கழித்திருக்கலாம். ரீ.எஃப்.எஸ்.ஏ.க்குள் நட்டப்பட்டால் அது இல்லை. அதைவிட மோசம், வரம்புக்குள் காசு போட உங்களுக்கு இருந்த இடமும் போய்விடும். 2019இல் 31 சதத்துக்கு அந்த 4,500 பங்கையும் விற்று, வந்த 1,395 டொலரை வெளியே எடுத்தேன். அடுத்த வருடம் எனக்குத் திரும்பக் கிடைத்த இடம் அந்த 1,395 மட்டும். மற்ற 21,705 டொலருக்கான இடம் சீவியத்துக்கும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கென்று மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த காசும் அதற்குள் இருந்தது. அவளுக்கு நான் முழுக் கணக்கையும் சொன்னது 2019இல்தான்.

அந்தத் தம்பிக்கு நான் ‘வாங்காதே’ என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கணினியில் செடார் பிளஸ் (SEDAR+) தளத்தைத் திறந்தோம். கனடாவில் சந்தையில் உள்ள கொம்பனி எல்லாம் தன் அறிக்கைகளை அதில் போட்டே ஆகவேண்டும். பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை. முதலில் மொத்தப் பங்கு எத்தனை, ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை என்று பார்த்தோம். கையில் உள்ள காசு எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டோம். போன வருடம் நிலத்தில் செலவழித்தது எவ்வளவு, அலுவலகத்துக்கும் சம்பளத்துக்கும் போனது எவ்வளவு என்று பிரித்து எழுதினோம். கொம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம் இருக்கிறது என்று கணக்காய்வாளர் எழுதிய பந்தியும் கிடைத்தது. பெர்மிட் பற்றி ஆங்கிலச் செய்திக்குறிப்பை நம்பாமல், அந்த மாகாணத்தின் பெயரையும் கொம்பனியின் பெயரையும் ஸ்பானிய மொழியில் தேடச் சொன்னேன். இப்போது தொலைபேசியே மொழிபெயர்த்துத் தரும். நான் எட்டு வருடமாகச் செய்யாத வேலையை அவர் இருபது நிமிடத்தில் செய்தார்.

கடைசியாகச் சுற்றறிக்கையில் இயக்குநர் சபைப் பட்டியலுக்குப் போனோம். நாலாவது பெயரில் என் விரல் நின்றது. பே வீதிக் கூட்டத்தில் தீர்மானங்களை ஆமோதித்துக்கொண்டிருந்தவர். நான் அலுமாரியில் இருந்து 2014ஆம் வருடத்து உறையை எடுத்து, அதே பெயர் இருந்த பக்கத்தைத் தம்பியின் முன்னால் வைத்தேன்.