ஹாபாவின் ‘ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்ட்’: எல்லோரும் ஒரே கட்சி, காக்கை எதிர்க்கட்சி

மூன்று வயதுக் குழந்தையிடம் “தம்பிக்கும் கொடு, ஷேர் பண்ணணும்” என்று எத்தனை தடவை சொன்னாலும் பொம்மை கைமாறாது. தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதே அந்த வயதில் பெரிய வித்தை. அதைப் பழக்க ஒரே ஒரு விளையாட்டு வாங்குவதாக இருந்தால், எங்கள் பரிந்துரை ‘ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்ட்’ (முதல் பழத்தோட்டம்) என்கிற இந்தப் பலகை விளையாட்டுதான். ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 2009இல் வெளியிட்டது. 2 வயதிலிருந்து விளையாடலாம். 1 முதல் 4 பேர். ஓர் ஆட்டம் ஏறக்குறைய 10 நிமிடம்.

பெட்டிக்குள் மரக்கட்டையில் செய்த 16 பழங்கள், நிறத்துக்கு நான்காக. மரம் படம் போட்ட அட்டைகள், ஒரு கூடை, ஒரு அண்டங்காக்கை, அது நடந்துவரும் பாதைக்கான அட்டைத் துண்டுகள், ஒரு பகடை. பகடையின் நான்கு பக்கங்களில் நிறம்: அந்த நிறப் பழத்தைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். கூடைப் படம் விழுந்தால் பிடித்த பழத்தைப் பறிக்கலாம். காக்கைப் படம் விழுந்தால் காக்கை ஒரு துண்டு முன்னேறும். அது தோட்டத்துக்குள் நுழையும் முன் எல்லாப் பழங்களும் கூடைக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி. இல்லையென்றால் எல்லோருக்கும் தோல்வி. அக்காவும் தம்பியும் ‘காய்’ விட்டுக்கொள்ள இதில் இடமே இல்லை.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அந்த ஒற்றைக் கூடை. இதே நிறுவனம் 1986இல் வெளியிட்ட மூத்த விளையாட்டான ‘ஆர்ச்சர்ட்’டில் 40 பழங்கள், ஆளுக்கொரு கூடை. விதிப்படி அதிலும் எல்லோரும் சேர்ந்துதான் ஜெயிக்கிறார்கள். ஆனால் கூடை தனித்தனியாக இருப்பதால், பிள்ளைகள் கடைசியில் “எனக்குத்தான் நிறைய” என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கூடை பொதுவாகிவிட்டால் எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. ஆகவே 2, 3 வயதுக்குப் பெரிய பெட்டி வேண்டாம், சின்னதே போதும்.

சொதப்புகிற இடங்களும் உண்டு. நான்கு பேர் என்று போட்டிருந்தாலும் 2 வயதுக் குழந்தைக்கு மூன்று பேர் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பது நீளம். பாதியில் எழுந்து ஓடிவிடும். முதலில் இரண்டு பேர், பழகிய பிறகு மூன்று. பகடையை வீசி எறிவார்கள். ஓரம் உயர்ந்த தட்டு ஒன்றுக்குள் உருட்டச் சொன்னால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியிருக்காது. தட்டு யார் முன்னால் இருக்கிறதோ அவர் முறை என்று வைத்துவிட்டால் “இப்ப நான்” சண்டையும் பாதி அடங்கும்.

சில குழந்தைகள் பறித்த ஆப்பிளைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடையில் போட மாட்டார்கள். பிடுங்காதீர்கள். பழங்கள் பார்க்க அழகு, கைக்கு அடக்கம். ஆசை வரத்தான் செய்யும். ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் பழங்களோடு இஷ்டப்படி விளையாட விட்டால் இந்தப் பிடிவாதம் பெரும்பாலும் குறையும்.

நிஜமான குறை ஒன்று. முடிவெடுக்கும் வேலை கூடைப் படம் விழும்போது மட்டும்தான். மற்றதெல்லாம் பகடையின் அதிர்ஷ்டம். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சீக்கிரம் சலித்துவிடும், அல்லது சின்னதை “அதை எடு, இதை எடு” என்று அதிகாரம் பண்ணும். பெரியவளைக் காக்கைக்குப் பொறுப்பாக்கி, அதை நகர்த்தும் வேலையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். காக்கை நெருங்கினால் அழும் குழந்தைக்குப் பாதையின் தொடக்கத்தில் இரண்டு காகிதத் துண்டுகளைச் சேர்த்து நீட்டிவிடலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முறை வைத்து ஆடுவதும் சேர்ந்து ஜெயிப்பதும் இதில் நன்றாகப் பழகும். தன் சொந்த பொம்மையைத் தோழிக்குக் கொடுக்கும் மனசு இதில் வராது; இங்கே எதுவும் யாருடையதும் இல்லையே.

இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கையைக் கடிக்கலாம். வீட்டிலேயே செய்ய முடியும்: சொப்புச் சாமானில் வரும் பிளாஸ்டிக் பழங்கள் அல்லது நான்கு நிறக் கட்டைகள் 16, ஒரு பனையோலைப் பெட்டி, பக்கங்களில் நிறத்தாள் ஒட்டிய பகடை, கறுப்பு அட்டையில் வெட்டிய காக்கை. குழந்தையின் வாய்க்குள் முழுதாகப் போகிற அளவில் எதுவும் இருக்கக் கூடாது. பொத்தான், புளியங்கொட்டை, கோலிக்குண்டு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.