ஒரே மெஷின், இரண்டு செட் பிளேடு: சேலத்து மரங்களுக்கு எந்தக் கோணம் ஒத்துவருகிறது

இழைப்பு மெஷினின் கட்டர் பிளாக்கில் (பிளேடுகளைப் பிடித்துக்கொண்டு சுழலும் உருளையில்) பிளேடு உட்காரும் பள்ளம் எந்தச் சாய்வில் வெட்டப்பட்டிருக்கிறதோ, அதுதான் அந்த மெஷினின் வெட்டுக் கோணம். பிளாக்கின் மையத்திலிருந்து பிளேடு நுனிக்கு ஒரு கோடு போட்டு, அதற்கும் பிளேடின் முன்முகத்துக்கும் நடுவே அளந்தால் கிடைத்துவிடும். இங்கே சொல்வது 30 டிகிரி பிளாக், 2 பிளேடு, நிமிஷத்துக்கு 5000 சுற்று மெஷினில் பல வருஷம் ஓட்டிப் பார்த்தது.

30 டிகிரிக்கு பைன் மரம் வெண்ணெய் மாதிரி. நேர் நார் தேக்கும் சிக்கல் தராது. வம்பு தொடங்குவது வேம்பில். நிலைக்கு அறுத்த வேப்பஞ்சட்டத்தை விட்டுப் பாருங்கள்: ஒரு விரல் அகலம் மழமழவென்று வரும், பக்கத்திலேயே ஒரு விரல் அகலம் நார் பிய்ந்து குழியாகும். சரி, எதிர் நார் போல என்று முனை மாற்றி விட்டால், குழி விழுந்த பட்டை வழவழப்பாகி, நன்றாக இருந்த பட்டை பிய்ந்துகொள்ளும். நார் அடுக்கடுக்காகத் திசை மாறி வளர்ந்த மரத்துக்கு நல்ல பக்கம் என்று ஒன்று கிடையாது. 30 டிகிரியில் சீவல் மேலே நெம்பப்படும்போது, நுனி வந்து சேருமுன்பே மரம் நார் போன போக்கில் பிளந்துவிடுகிறது. அந்தப் பிளவு வெட்டுக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் குழி. கோணத்தைக் குறைத்தால் சீவல் நுனியிலேயே ஒடியும், பிளவு ஓட நேரமிருக்காது.

இதற்காக பிளாக்கை மாற்ற வேண்டாம். இரண்டாவது செட் பிளேடின் முன்முகத்தில், நுனியை ஒட்டி 1 மி.மீ. அகலத்துக்கு 15 டிகிரி சாய்வு பிடித்தால் போதும்; மரத்தைத் தொடும் கோணம் 15 ஆகிவிடும். பின்சாய்வு (முதுகுப் பக்கம் நுனியைக் கூராக்கும் சாய்வு) 40 டிகிரி என்றால் பிளேடின் முதுகுக்கும் மரத்துக்கும் 20 டிகிரி இடைவெளி இருக்கும், முன்முகச் சாய்வால் அது குறையாது. சாணை பிடித்த பின் நுனி கொஞ்சம் உள்ளே போயிருக்கும், உயரத்தைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். இரண்டு பிளேடையும் தராசில் வைத்து எடையைச் சரிபாருங்கள். எடை வித்தியாசப்பட்டால் பிளாக் அதிரும், பேரிங் போகும்.

இந்த செட்டில் வேம்பு, பலா, வாகை மூன்றும் அடங்கின. பலாவில், ஆரவாட்டில் (மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய போக்கில்) அறுத்த பலகையில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஏற்காட்டு காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்து வெட்டும் சில்வர் ஓக்கிலும் அப்படியே: சாதா அறுப்புக்கு 30 போதும், ஆனால் ஆரவாட்டு முகத்தில் பளபளக்கும் பூப் போன்ற திட்டுகள் செதிலாகப் பெயரும். அதற்கு 15தான்.

குறையும் உண்டு. மோட்டார் இழுவை கூடுகிறது, 2 எச்.பி.யில் அகலப் பலகையை 1.5 மி.மீ. ஆழத்துக்கு விட்டால் பெல்ட் வழுக்கும். கடைசி வெட்டு அரை மி.மீ.க்கு மேல் வேண்டாம். சத்தமும் அதிகம், நுனியும் சீக்கிரம் மழுங்கும். தேக்கில் இன்னும் மோசம், அதில் இருக்கும் சிலிக்கா எந்த நுனியையும் தின்றுவிடும். நேர் நார் தேக்குக்கு 15 போடுவது வீண் செலவு.

ஈர மரத்துக்கு இந்த செட் சுத்தமாக ஆகாது. மலையிலிருந்து இறக்கிய கையோடு அறுத்த சில்வர் ஓக்கை 15 டிகிரியில் விட்டால் நார் வெட்டுப்படாமல் அமுங்கி, அப்புறம் பிசிராக எழும். உப்புத்தாள் எவ்வளவு போட்டாலும் அடங்காது. மாமரமும் காயாவிட்டால் இதே கதிதான். ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி வரும்வரை காற்றாட அடுக்கி வையுங்கள். அவசரமென்றால் கூராக்கிய 30 டிகிரி பிளேடில் விடுங்கள்.

கோணத்தின் மேல் பழி போடுமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பலகை நிமிஷத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் போக, 2 பிளேடும் வெட்டினால், மேலே விழும் பிளேடு தடங்கள் வரிக்கு வரி 0.8 மி.மீ. இருக்கும். ஒரு பிளேடு ஒரு நூலிழை தாழ்ந்திருந்தாலும் மேடான பிளேடின் தடம்தான் மேற்பரப்பில் நிற்கும், வரி 1.6 ஆகிவிடும். ஸ்கேலை வைத்து 10 வரி எண்ணினால் உடனே தெரிந்துவிடும்.

வாகை இழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மல் நிற்காது.