சூரியன் திரும்பத் திரும்ப உதிக்கிற மாடலோடு மூன்று வருடம்

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் டிராப்பிஸ்ட்-1இ கோளில் வால்நட்சத்திரம் மோதினால் அதன் காற்றுமண்டலம் என்ன ஆகும் என்று பார்க்க, பூமிக்காக எழுதிய காலநிலை மாடலையே (கணினியில் ஓடும் காலநிலைக் கணக்கு) எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். மூன்று வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். நேற்றும் ஒரு ரன் (மாடலின் ஒரு ஓட்டம்) பாதியில் படுத்துவிட்டது. அந்தக் கடுப்பைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே தலைவலிதான்: தண்ணீரை உள்ளே விடுவது. வால்நட்சத்திரம் 2.5 கி.மீ. ஆரமுள்ள பனிக்கட்டி என்றால் சுமார் 6,500 கோடி டன். பூமியின் காற்றிலுள்ள மொத்த நீராவியோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்தான். ஆனால் மேலே அடுக்குமண்டலம், அதாவது மேகங்களுக்கும் மேலே உள்ள காற்றடுக்கு, காய்ந்து கிடக்கிற இடம். 2022 ஜனவரியில் டோங்காவில் கடலடி எரிமலை வெடித்து, சுமார் 15 கோடி டன் நீராவியை அங்கே ஏற்றியது. அதற்கே அங்கிருந்த ஈரம் 10 சதவீதம் போலக் கூடிவிட்டது. வால்நட்சத்திர நீரில் பத்தில் ஒரு பங்கு மேலே தங்கினால்கூட டோங்காவைப் போல் 40 மடங்கு!

நிஜத்தில் மோதி நீரைக் கொட்டுவது சில விநாடி வேலை. மாடலில் அப்படி விட்டால் ஒரேயடியாக ஈரம் எகிறி, வெப்பநிலை தாறுமாறாகி, எல்லாம் நின்றுவிடும். அதனால் பல நாட்களுக்குப் பிரித்து விடுகிறேன். மலை அளவு பனிக்கட்டிக்குச் சொட்டு மருந்துக் கணக்கு. இன்னொன்று: டிராப்பிஸ்ட்-1இ போல ஒரு பக்கம் எப்போதும் பகலாக இருக்கிற கோள் வேண்டுமென்றால், மாடலில் உதித்து மறைகிற சூரியனையும் நிறுத்த வேண்டும். மாடலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அது திரும்ப உதித்துவிடும்.

சரி, ஓடினால்? அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேலே ஏறிய நீரைப் புற ஊதாக்கதிர் உடைக்கிறது, அந்தத் துண்டுகள் ஓசோனைத் தின்கின்றன. ஆனால் பகல் பக்கத்திலிருந்து காற்று தள்ளிக்கொண்டுபோன ஓசோன் இருட்டில் கலையாமல் தேங்கி நிற்கிறது. அந்த இரவுப் பக்க வரைபடத்தை முதலில் பார்த்த அன்று நான் தூங்கவில்லை.

கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம் துண்டு துண்டாக வியாழனின் தென்பாதியில் விழுந்தது. பதினைந்து வருடம் கழித்து ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோதும் அடுக்குமண்டல நீர் தெற்கில்தான் அதிகம். அந்த நீரில் குறைந்தது 95 சதவீதம் அந்த மோதல் கொடுத்தது என்று 2013இல் கணக்குச் சொன்னார்கள். தொலைவிலுள்ள ஒரு கோளில் நாம் பார்க்கும் நீராவியும் இப்படி ஒரு பழைய அடியின் தழும்பாக இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு செங்குத்துக் கம்பம் போலக் காற்றைப் பார்க்கும் சின்ன மாடல்களில் இரவுப் பக்கம் என்ற ஒன்றே கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். சின்ன மாடலை எடுங்கள், நிம்மதியாக இருங்கள்.

நின்றுபோன ரன்னை, தண்ணீரை 12 மாடல் நாட்களுக்குப் பிரித்து விட்டு, நான் திரும்பப் போட்டிருக்கிறேன். ஏழாம் நாள் தாண்டிவிட்டது.