அம்மாவின் தலையைப் படம் பிடித்த கதை: 18,500 ரூபாவுக்கு ஒரு ரிவியூ

கண்டியில் ஒரு தனியார் இடம். பெயர் போடப் போவதில்லை, போட்டால் அப்புறம் நான்தான் வக்கீலைத் தேடி அலைய வேண்டும். ஃபேஸ்புக்கில் 'மூளை மெப்பிங்' என்று தேடினால் இப்படி நிறைய விளம்பரம் வரும், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனமின்மை எல்லாவற்றுக்கும் மூளையின் 'இணைப்பை'ப் படமெடுத்துக் காரணத்தைக் காட்டுவார்களாம். நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அதாவது ஏமாறாமல் இருந்திருக்க வேண்டிய ஆள்.

அம்மாவுக்கு 63 வயது, முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அப்பா போன பிறகு ஆறேழு மாசமாகச் சரியான சாப்பாடு இல்லை, விடிய மூன்று மணிக்கு எழும்பி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருப்பார், கேட்டால் "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு புள்ள" என்பார், அவ்வளவுதான். கோயிலில் திருநீறு போட்டாயிற்று, டவுனில் இரண்டு டொக்டரிடம் 'வீக்னஸ்' என்று விற்றமின் வாங்கியாயிற்று. அந்த நேரத்தில் ஒரு விளம்பரம், "மனச்சோர்வு மனதில் இல்லை, மூளையின் வயரிங்கில் இருக்கிறது" என்று சொன்னால் யார்தான் போக மாட்டார்கள்?

போனில் ஒரு நிபந்தனை சொன்னார்கள், தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. தினமும் தேங்காயெண்ணெய் வைத்து வாரிக் கொண்டை போடுகிறவருக்கு அது லேசான காரியமா? விடிய மூன்றரைக்கு அந்தக் குளிரில் சுடுதண்ணி வைத்து, ஷாம்பூ போட்டு இரண்டு தடவை கழுவி, ஈரத்தலையோடு ஐந்து மணி பஸ். கினிகத்தேனை வளைவு தாண்டுவதற்குள் கையிலிருந்த தேசிக்காயை முகர்ந்து முகர்ந்து தோலே கறுத்துப் போயிற்று. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை... கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

இடம் பளிச்சென்று இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏசி, மீன் தொட்டி, சுவரில் மூளைப் படங்கள், நல்ல கோப்பி. வரவேற்பில் இருந்தவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, கேள்விப் பத்திரம் முழுக்க ஆங்கிலம், நான்தான் மொழிபெயர்த்து அம்மாவுக்குப் பதிலாக டிக் அடித்தேன். 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் ஆர்வமில்லாமல் இருந்தது' என்பதை எங்கள் பேச்சில் எப்படிக் கேட்பது? நான் "டிவி பாக்கப் பிடிக்குதாம்மா?" என்றேன், அவர் "ம்" என்றார், நான் ஏதோ ஒன்றை அடித்தேன்.

ஸ்கேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உள்ளே போனால் ஸ்கேன் மெஷின் எதுவும் இல்லை. நீச்சல் தொப்பி மாதிரி ஒன்று, அதில் 19 ஓட்டை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். மழுங்கின முனை உள்ள சிரிஞ்சால் ஓட்டைக்குள் வெள்ளைக் களி மாதிரி ஜெல்லை விடுகிறார்கள். சிரிஞ்சைக் கண்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "தலையில ஊசி போடுவாங்களா?" என்றார். அது ஈ.ஈ.ஜி, மூளையின் மின்னலைகளைத் தோலுக்கு மேலிருந்து பதிகிற கருவி. வலிப்பு நோய்க்கு அரச ஆஸ்பத்திரிகளில் எடுப்பதும் இதே ஜாதிதான். நல்ல கருவி, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுணுக்கத்துக்கு அலையைப் பிடிக்கும். ஆனால் மூளைக்குள் ஆழத்தில் என்ன நடக்கிறது என்று இதனால் சரியாகச் சொல்ல முடியாது, விளம்பரத்தில் சிவப்பாகக் காட்டுகிற இடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பத்து நிமிஷம் கண்ணை மூடி, பத்து நிமிஷம் திறந்து. மூடிய பத்து நிமிஷத்தில் அம்மா லேசாகக் குறட்டை விட்டார். அரைத் தூக்கத்தில் மூளை அலை மெதுவாகிவிடும் என்பது புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். சொன்னேன், "பரவாயில்லை, சொஃப்ட்வெயர் பார்த்துக்கொள்ளும்" என்றார்கள்.

24 பக்க ரிப்போர்ட். வரிசை வரிசையாகக் குட்டி மண்டைகள், நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. 'மெதுவான அலைகள் அதிகம்.' 'டிஃபோல்ட் மோட் நெட்வர்க்கில் இணைப்புக் கோளாறு.' முடிவில் 20 தடவை வந்து திரையைப் பார்த்து மூளையைப் பழக்குகிற ஒரு பெக்கேஜ், ஒன்றரை இலட்சத்துக்குக் கிட்ட. கூடவே ஒரு கையேடு, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதே இணைப்பு முறையில் மனச்சோர்வை ஐந்து நாளில் மாற்றினார்கள் என்று.

இனி ரிவியூவை விட்டுக் கொஞ்சம் வெளியே போகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் திரும்பி வரும் பஸ்ஸிலும் அந்த வாரம் முழுக்க ராவிலும் இதைத்தான் வாசித்தேன், இந்த ஆராய்ச்சி பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

'இணைப்பு' என்றால் வயர் என்று நினைக்கிறோம். நரம்பு நார்களைப் பார்க்கிற ஆராய்ச்சியும் உண்டு, ஆனால் மனச்சோர்வில் அதிகம் பேசப்படுவது வேறு. எம்.ஆர்.ஐ மெஷினில் ஆளைச் சும்மா படுக்க வைத்து, மூளையின் எந்தெந்த இடங்களில் இரத்த ஒட்சிசன் அளவு ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எங்கள் லயத்தில் விடிய நாலரைக்கு இரண்டு வீட்டு லைட் தினமும் ஒன்றாக எரியும். நடுவில் கம்பி ஓடுகிறது என்று அர்த்தமில்லை, இரண்டு வீட்டிலும் மலைக்குப் போகிற ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். 1995 இல் பிஸ்வால் என்பவரின் குழு, கையை அசைக்காமல் சும்மா இருக்கும்போதும் அசைவுக்கான இரண்டு பக்க மூளைப் பகுதிகளும் இப்படிச் சேர்ந்து தாளம் போடுவதைக் காட்டியது. 2001 இல் மார்கஸ் ரெய்க்லின் குழு, வேலை எதுவும் செய்யாமல் நம் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போது கூடுதலாக இயங்குகிற பகுதிகளைப் பற்றி எழுதியது. அதுதான் இந்த டிஃபோல்ட் மோட். மனச்சோர்வில் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைக்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2005 இல் ஹெலன் மேபர்க்கின் குழு டொரோண்டோவில், எந்த மருந்துக்கும் அசையாத ஆறு பேருக்கு, மூளைக்குள் சோக உணர்வோடு தொடர்புள்ள '25 ஆம் பகுதி' என்கிற இடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி வைத்துப் பார்த்தது, நாலு பேருக்கு நல்ல மாற்றம். வாசிக்கும்போது உண்மையிலேயே மயிர் கூச்செறிந்தது எனக்கு.

ஸ்டான்ஃபோர்ட் கதையும் நிஜம்தான். 2022 இல் வந்தது, ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர், நிஜ சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதத்துக்கு நோய் தணிந்தது, போலிச் சிகிச்சையில் 13 சதவீதத்துக்கு. ஆனால் அது ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ எடுத்து, 25 ஆம் பகுதியோடு எதிர்த்தாளம் போடுகிற (அது ஏறும்போது இறங்குகிற) இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் வெளியிலிருந்து காந்தத் துடிப்பைக் கொடுப்பது, ஒரு நாளைக்கு பத்துத் தடவை, ஐந்து நாள். கண்டியில் எங்களுக்குக் காட்டியது ஒரு தொப்பியும், மனசு அமைதியானால் மேலே பறக்கிற ஒரு கார்ட்டூன் பலூனும். சமையல் புத்தகத்தில் பிரியாணிப் படத்தைக் காட்டிவிட்டுக் கஞ்சி ஊற்றுவது என்று சொல்லலாம், ஆனால் கஞ்சியைக் கேவலப்படுத்த எனக்கு மனசில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2017 இல் கொனர் லிஸ்டனின் குழு, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஸ்கேனை வைத்து மனச்சோர்வில் நாலு வகை இருக்கிறது என்று எழுதியது, உலகமே பேசியது. 2019 இல் நெதர்லாந்தில் ஒரு குழு அதே முறையை வேறு நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது அந்த வகைகள் உறுதியாகக் கிடைக்கவில்லை. 2022 இல் சுமார் 50,000 பேரின் தரவை வைத்துப் பார்த்தவர்கள், மூளைப் படத்தையும் மனநிலையையும் பொருத்திப் பார்க்கிற இந்த மாதிரி ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் இல்லாவிட்டால் முடிவு நிலைக்காது என்றார்கள். தலை கொஞ்சம் அசைந்தாலே எம்.ஆர்.ஐயில் இல்லாத இணைப்பெல்லாம் தெரியும் என்பது 2012 லேயே வந்துவிட்டது. 2024 இல் இன்னொரு நல்ல செய்தி, லிஸ்டனின் குழுவே ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, மனச்சோர்வு உள்ள பெரும்பாலோரிடம் எது முக்கியம் என்று கவனிக்கிற 'சேலியன்ஸ்' என்கிற வலையமைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கண்டது. நல்ல நிலையில் இருக்கும்போதும் அது அப்படியே இருந்ததாம். அதாவது விஷயம் நகர்கிறது. ஆனால் நிறையப் பேரின் சராசரி வேறு, எங்கம்மா வேறு. இன்று மலையில் ஆளுக்குச் சராசரி 18 கிலோ என்று கணக்கப்பிள்ளை சொன்னால், அதை வைத்து அம்மா கூடையில் எத்தனை கிலோ என்று சொல்லிவிட முடியுமா? ஒருவரின் மூளைப் படத்தைப் பார்த்து 'உனக்கு மனச்சோர்வு' என்று தீர்ப்புச் சொல்கிற பரிசோதனை இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வழக்கத்தில் இல்லை. எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால்கூடக் கட்டி, இரத்தக் கசிவு மாதிரி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யத்தான்.

சரி, திரும்பக் கடைக்கு வருவோம். நாலாம் நாள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். வயது: 36.

இந்த நிற மண்டைகள் எல்லாமே 'அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால்' என்கிற கணக்கில் வருகிறவை. அம்மாவின் அரைத் தூக்க மூளையை 36 வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுவிட்டு 'மெதுவாக இருக்கிறது' என்றிருக்கிறார்கள்! போன் எடுத்தேன். "பெரிய வித்தியாசம் வராது மிஸ்" என்றார்கள். வித்தியாசம் வராது என்றால் அப்புறம் எதற்கு வயது கேட்கிறீர்கள் என்றேன், மெனேஜர் பேசுவார் என்றார்கள், மெனேஜர் பேசினார், காசு திருப்பித் தர முடியாதாம், பெக்கேஜில் 10 வீதம் கழிவு தருவாராம்.

அதற்கு அடுத்த செவ்வாய் அரச ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அதையும் புகழ்ந்து தள்ளப் போவதில்லை. ஆறு மணிக்குப் போய் நம்பர் துண்டு எடுத்து, பத்தே முக்கால் வரை கால் ஆடுகிற ஒரு பெஞ்சில். எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைக் கண்டதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே போனால் சிங்கள டொக்டர், ஆனால் தமிழ் தெரிந்த மிஸ் ஒருவர் பக்கத்தில். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், சட்டை தொளதொளப்பாகிவிட்டதா, காலையில் மோசமா அந்தியில் மோசமா என்று ஒவ்வொன்றாய். அப்புறம் நேரடியாகவே, "வாழவே வேணாம்னு தோணுதா அம்மா?"

நான் திடுக்கிட்டுப் போனேன். அம்மா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "சில நாள் விடியாமலே இருந்தா நல்லாருக்கும்னு தோணும்" என்றார். ஏழு மாசமாக ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாத விஷயம் அது. 24 பக்கத்தில் ஒரு மூலையிலும் இல்லாத விஷயம்.

தைரொய்ட் குறைந்தாலும் இப்படித்தான் சோர்வு வரும் என்று இரத்தம் எடுத்தார்கள், அது சரியாகவே இருந்தது. ஒரு மாத்திரை. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும், சுகமானதும் நிறுத்திவிடக் கூடாது, குறைந்தது ஆறு மாசம் தொடர வேண்டும் என்று மிஸ் மூன்று தடவை சொன்னார். இராவில் அவசரமென்றால் மனநல உதவி இலக்கமான 1926 க்கு எடுக்கச் சொல்லி என் போனிலேயே அடித்துச் சேமித்துத் தந்தார். செலவு: பஸ் காசும் இரண்டு பிளேன்டீயும். முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று அம்மா மாத்திரையைக் குறை சொன்னார். ஐந்தாம் வாரம் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொண்டை போட்டிருந்தார், எண்ணெய் வைத்து. பக்கத்து வீட்டு அக்காவோடு சம்பளக் கணக்கில் ஏதோ சண்டை வேறு.

மாத்திரைதான் காரணமா, காலம் போனதா, மிஸ் கேட்ட கேள்வியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. டொக்டரும் மூளையில் இன்ன இணைப்பு சரியானது என்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாசம் வரச் சொன்னார், அவ்வளவுதான்.

கண்டி இடத்துக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். கோப்பிக்கு இல்லை. தொப்பியைக் கழற்றினதும் அம்மாவின் நரைமயிர் முழுக்க அந்தக் களி அப்பிக் கிடந்தது. தொப்பி மாட்டிவிட்ட சிங்களத் தங்கச்சி, இருபது இருபத்தோரு வயதிருக்கும், யாரும் சொல்லாமலே ஒரு பேசினில் சுடுதண்ணி கொண்டுவந்து, துவாயை நனைத்து நனைத்து, கொண்டை போடுகிற இடம் வரைக்கும் துடைத்துவிட்டது. அந்த நட்சத்திரம் அந்தப் பிள்ளைக்கு.