முள்ளங்கி விதை கேட்டேன், கடுகு வந்தது: 460 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

நேற்று சாயங்காலம்தான் அரை ஏக்கரையும் வெட்டிச் சாய்த்தேன். ஆத்திரத்தில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் எங்கள் நிலம் பழைய செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். லாரி ஓடி ஓடி மண் இறுகி, மண்வெட்டி இறங்காது. வெள்ளை முள்ளங்கியை மூடுபயிராக, அதாவது விற்க இல்லாமல் மண்ணைச் சீராக்கப் போட்டால் கிழங்கு மண்ணைத் துளைத்து இறங்கும், அது மட்கிய ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். குளிர்நாட்டில் கடும் உறைபனியே செடியைக் கொன்றுவிடும், இங்கே நாம்தான் வெட்ட வேண்டும். ஆடுகளுக்கும் தீனி ஆகும். ஆனால் அதில் தண்ணீர்தான் அதிகம், நார் குறைவு என்பதால் புல்லோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஓர் ஆன்லைன் சந்தையில் 2 கிலோ விதை வாங்கினேன். 460 வெள்ளி.

பொட்டலத்தைப் பிரித்ததுமே சந்தேகம். முள்ளங்கி விதை கொத்தமல்லியைவிடக் கொஞ்சம் சிறுசு, அவ்வளவுதான். இதுவோ தாளிக்கிற கடுகு அளவு. விற்றவனிடம் கேட்டேன். குரல்பதிவு அனுப்பினான்: "அண்ணே, இது புது ரகம், விதை பொடியாத்தான் இருக்கும். நானும் ஆடு வளர்க்கிறவன்தான், உங்களை ஏமாத்துவேனா?" நம்ம தமிழ்ப் பையன் என்று நம்பி, 'பொருள் கிடைத்தது' என்பதை அழுத்தினேன். அழுத்தியதும் 460 வெள்ளி அவன் கணக்குக்குப் போய்விட்டது.

நாலாம் நாள் முளைத்தது. முளையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி இதய வடிவ இலைதான், பார்த்துப் பிரிக்க முடியாது. ஆறாவது வாரம் வயல் முழுக்க மஞ்சள் பூ. முள்ளங்கி வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ பூக்கும். ஒரு செடியைப் பிடுங்கினேன். கிழங்கே இல்லை. பென்சில் கனத்தில் ஒரு வேர், இறுகின மண்ணைத் தொட்ட இடத்தில் அப்படியே பக்கவாட்டில் மடங்கியிருந்தது. என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஆடுகளைக் கட்டப் போய்விட்டாள்.

படம் அனுப்பினேன். "மழை அதிகம் அண்ணே" என்றான். அப்புறம் "உரம் பத்தல" என்றான். கடைசியில் "உங்க மண்ணுதான் சரியில்ல." மண் சரியில்லை என்றுதானே ஐயா முள்ளங்கியே போட்டேன்! அதன்பிறகு பதில் இல்லை. சந்தைக்காரர்களிடம் புகார் கொடுத்தால், திருப்பித் தரும் காலக்கெடு முடிந்துவிட்டதாம். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே வரி. 460 வெள்ளி, இரண்டு மாதத் தீனிக் காசு.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். பொட்டலம் பிரிப்பதை வீடியோ எடுங்கள். விதைக்கடையில் ஒரு சின்னப் பாக்கெட் முள்ளங்கி விதை வாங்கிப் பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள். அதுவரை எவன் அண்ணே என்றாலும் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.